பாட்டு நிற்கிற ஒரு மூச்சு நேரம்

மலை மேல் நின்ற கோலத்தில் இருக்கிற எங்கள் ஊர்ப் பெருமாளை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மைக் செட்டுக்காரர்கள் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள் என்று இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேருமே கல்யாண வீட்டுக்கும் கோயில் பொங்கலுக்கும் டிஜே போடுகிறவர்கள்.

"அண்ணாச்சி, நாங்க கலக்குற பாட்டக் கம்ப்யூட்டர்ல சுத்தமா ஏத்தணும். என்ன செட்டு வாங்கட்டும்? அதையே எழுதிக் குடுங்க, எல்லாருக்கும் ஆவும்" என்றார்கள்.

அவர்கள் கேட்டது பெட்டியைப் பற்றி. பெட்டியைப் பற்றி மட்டும் எழுதினால் அரைப்பக்கம் போதும். ஆனால் அந்தப் பெட்டியை நான் தேர்ந்தெடுத்த கதையில் என் மச்சினன் காளிராஜ் இருக்கிறான். அவனை விட்டுவிட்டு எழுதலாமா என்று யோசித்துப் பார்த்தேன். விட்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எழுதியது பொய்யாகிவிடும்.

காளிராஜ் என் வீட்டுக்காரி தனலட்சுமிக்கு உடன்பிறந்த தம்பி. அவனை எங்கள் கடையில் சேர்த்துவிட்டதே நான்தான். அவன் மேல் எனக்குப் பொறாமை. அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் மலையேறிக் கும்பிடுகிறவன் நான். அங்கே போய் நின்றாலும் அதுதான் வாயில் வரும். அவன் கெட்டுப் போகவேண்டும் என்று ஒருநாளும் வேண்டியதில்லை. அவன் நன்றாக இருக்கட்டும், எனக்கு ஒரு படி கீழே இருக்கட்டும் என்றுதான் வேண்டினேன். பெருமாள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்.

நான் தொழிலுக்கு வந்தபோது புனல் ஸ்பீக்கர் கட்ட வேப்பமரத்தில் ஏறுகிற வேலைதான் கொடுத்தார்கள். பிறகு ஆம்ப்ளிபையர் தூக்கினேன், பிறகு பாட்டுப் போட்டேன். ரெக்கார்டு தட்டு போய் கேசட் வந்தது, கேசட் போய் சிடி வந்தது. இதெல்லாம் எல்லா மைக் செட்டுக்காரனுக்கும் உள்ளதுதான். எனக்கென்று ஒரு பேர் கிடைத்தது கேசட் காலத்தில். இரண்டு டெக்கை வைத்துக்கொண்டு, ஒரு பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டை அடியில் மெல்ல ஏற்றி, நடுவில் சந்து தெரியாமல் ஓட்டுவேன். "சுந்தரம் போட்டா சோறு திங்கக்கூட கேப்பு விடமாட்டான்" என்று திருத்தங்கலில் சொல்வார்கள். அந்தப் பேச்சை நான் ரொம்ப நாள் சாப்பிட்டு வாழ்ந்தேன்.

கடை செல்லையா முதலாளியுடையது. திருத்தங்கல் மெயின் ரோட்டில் கீழே சாமான் கடை, மேலே ஒரு அறை. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கடை போடுவதற்கு முன் அவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். வெடிமருந்து வேலை நடக்கிற அறையைச் செட் என்பார்கள், அப்படி ஒரு செட்டில் நடந்த விபத்தில் அவருடைய வலது கையில் இரண்டு விரல் ஒன்றாக ஒட்டிப்போனது. கூட நின்றவர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் கம்பெனிப் பழக்கம் அவரை விடவில்லை. மருந்து செட்டுக்குள் போகுமுன் உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கட்டும் என்று வாசலில் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதே மாதிரி ஒரு தகட்டைக் கடை வாசல் நிலையில் அடித்து, அதிலிருந்து கம்பி இழுத்து மண்ணில் இறக்கியிருந்தார். நாங்களும் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பாட்டுக் கேசட் வாங்க வந்தவர்கள்கூடத் தொட்டார்கள். கும்பிட்டுக்கொண்டு தொட்டவர்களும் உண்டு.

அவர் யாரையும் பாராட்டமாட்டார். ஒரு கேசட்டைப் பதிந்து அவர் கேட்கவேண்டும் என்றால் கடைக்குள் உட்கார்ந்து கேட்கமாட்டார். ரோட்டைத் தாண்டி எதிர் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, கையைத் தூக்கி "போடு" என்பார். பஸ்ஸும் லாரியும் நடுவில் போகும். "பாட்டு கேக்கறவன் ரோட்டுலதாம்ல இருக்கான். உன் ரூம்புக்குள்ளயா இருக்கான்?" என்பார். பிடிக்காவிட்டால் திரும்பி வந்து பானையில் தண்ணீர் மோந்து குடிப்பார், அவ்வளவுதான். பிடித்திருந்தால் தண்ணீர் குடிக்காமல் அடுத்த வேலையைச் சொல்வார். அவர் தண்ணீர் குடிக்காத நாளெல்லாம் எனக்குத் தீபாவளி.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். எங்கள் கடைக்குப் புது வியாபாரம் ஒன்று வந்தது. கம்பெனி வேன். பட்டாசு செட்டுக்குள் ரேடியோ ஆகாது, செல்போன் ஆகாது, கரண்டில் ஓடுகிற எதுவும் ஆகாது. காலையில் போகிற பெண்களுக்குப் பாட்டு என்றால் போகும்போதும் வரும்போதும் வேனில் கேட்பதுதான். அதில் ஒரு சிக்கல். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் ஒருத்தி பழைய பாட்டு கேட்பாள், ஒருத்தி புதுப் பாட்டு கேட்பாள், ஒருத்தி சாமி பாட்டு போடச் சொல்வாள். சண்டை டிரைவர் தலையில் விடியும். அச்சங்குளம் பக்கத்துக் கம்பெனிக்கு வேன் ஓட்டிய பால்பாண்டிதான் முதலில் வந்து கேட்டான்.

"முதலாளி, நடுவுல நிக்காமப் போற மாதிரி ஒரு சிடி அடிச்சுக் குடுங்க. கேப்பு விழுந்தா எம்மானம் போவுது."

கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிற்காமல் ஓட்டுவது என் வேலையல்லவா.

ஆனால் அதற்குள் காளிராஜ் வந்துவிட்டிருந்தான். அவன் கடைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. முதலாளி இரண்டு சிடி பிளேயரும் நடுவில் ஒரு மிக்சரும் வாங்கிப்போட்டிருந்தார். பிளேயரில் பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளு பட்டை இருக்கும். நான் பாட்டை ஒட்டினேன் என்றால் அவன் பாட்டையும் பாட்டையும் கல்யாணம் செய்துவைத்தான். ஒரு பாட்டின் அடி ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றின் அடி அதன்மேல் கால் மாறாமல் வந்து உட்காரும். எங்கே மாறியது என்று விரல் வைக்க முடியாது. யாரிடம் படித்தான் என்று கேட்டேன். "சும்மா கேட்டுக்கிட்டே இருந்தேன் மச்சான், வந்துருச்சு" என்றான். அந்த "வந்துருச்சு" என்கிற வார்த்தை இருக்கிறதே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"மேல ரூம்புல கம்ப்யூட்டர் வைக்கப்போறேன். வேனுக்கு அடிக்கிற சிடி பூராம் அங்கனதான். ஒரு ஆளு அங்கன உக்காரணும். இன்னொரு ஆளு வழக்கம்போல பாக்ஸ் தூக்கிக்கிட்டு வெளிவேலைக்குப் போவணும். கம்ப்யூட்டர்ல பாட்டு ஏத்துறதுக்கு என்ன சாமான் வேணுமோ, ஆளுக்கு ஒண்ணு நீங்களே பாத்து வாங்கியாங்க. ஆளுக்கு ஒரு சிடி அடிங்க. யாருன்னு நான் சொல்லமாட்டேன். பால்பாண்டி வேன்ல போற பொம்பளையாளுக சொல்லட்டும்."

எனக்கு அந்த அறை வேண்டும். முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. ஸ்பீக்கர் பாக்ஸைத் தூக்கி டெம்போவில் ஏற்றினால் இரண்டு நாள் மாடிப்படி ஏறமுடியாது. அதுகூடப் பரவாயில்லை. நான் கொண்டுவந்து விட்டவன் மேலே உட்கார்ந்திருக்க, நான் கீழே பாக்ஸ் தூக்குவதா? அதுதான் தாங்கவில்லை.

மதுரைக்கு ஒரே பஸ்ஸில்தான் போனோம். அவனே ஜன்னலோர சீட்டைப் பிடித்து எனக்குக் கொடுத்தான். "நீங்க காத்தாட உக்காருங்க மச்சான்." அவன் இப்படித்தான். போட்டி என்கிற நினைப்பே அவனுக்குக் கிடையாது. பொறாமை என்பது அவன் உடம்பிலேயே இல்லை. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

கம்ப்யூட்டர் சாமான் கடையில் அவன் உள்ளே போன வேகத்தில் ஒன்றை எடுத்துவிட்டான். கம்ப்யூட்டருக்குள்ளேயே சொருகுகிற சவுண்ட் கார்டு. அட்டையில் நெருப்புக் கக்குகிற பறவைப் படம். முன்பக்கம் நீல விளக்கு எரியும் என்று எழுதியிருந்தது. "இதப் பாருங்க மச்சான், கார்த்திகைக்கு வெளக்கே ஏத்த வேண்டாம்" என்றான்.

நான் கடைக்காரரிடம், "மிக்சருக்குப் பின்னால ரெக்கார்டு அவுட்டுன்னு செவப்பும் வெள்ளையுமா ரெண்டு ஓட்டை இருக்கு. அதுலருந்து நேரா வாங்குற மாதிரி எதும் இருக்கா?" என்று கேட்டேன். அவர் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்துவைத்தார். கம்ப்யூட்டருக்கு வெளியே, ஒரு ஒயரில் தொங்குகிற யு.எஸ்.பி. பெட்டி. சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஓட்டை. பார்த்தால் தீப்பெட்டிதான்.

"இதுல ரெக்கார்டு பண்ணிக் காட்டுங்க" என்றேன்.

"என்ன பாட்டு போடட்டும்?"

"பாட்டு வேண்டாங்க. ஒண்ணும் போடாம ரெக்கார்டு பண்ணுங்க. அப்புறம் அதைச் சத்தத்த முழுசா வச்சுப் போடுங்க."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காளிராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன் மச்சான், ஒண்ணுமில்லாததக் கேக்கவா இம்புட்டுத் தூரம் பஸ்சு ஏறி வந்தீக?"

இது நான் கேசட் காலத்திலேயே பழகிய முறை. நல்ல பாட்டை எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் காட்டும். ஒன்றுமில்லாததைப் பதியச் சொன்னால் அப்போதுதான் அதன் குணம் தெரியும். ஒன்று மழை பெய்கிற மாதிரி இரையும், ஒன்று கொசு மாதிரி கத்தும். அந்தத் தீப்பெட்டி வாயே திறக்கவில்லை. ஹெட்போனில் என் காதின் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. வாங்கிவிட்டேன்.

ஊருக்கு வந்தால் முதலாளி மேல் அறையைத் தயார் செய்து வைத்திருந்தார். பழைய போர்மேன் அல்லவா, பாதுகாப்பு என்றால் இரண்டு கை. ஆம்ப்ளிபையருக்கு ஒரு எர்த் குழி, மிக்சருக்கும் பிளேயருக்கும் ஒரு எர்த் குழி, கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு எர்த் குழி. கடைக்குப் பின்னால் மூன்று இடத்தில் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தகடு இறக்கி, மூன்று கம்பியைச் சுவரோடு மாடிக்கு ஏற்றியிருந்தார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஏன் மூன்று என்று கேட்டிருப்பான். எங்கள் பக்கத்தில் எர்த் அதிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கும் தோன்றவில்லை.

ஒயரைச் சொருகிப் பாட்டே போடாமல் பதிந்து பார்த்தேன். மதுரையில் வாய் திறக்காத பெட்டி இங்கே "ம்ம்ம்ம்" என்றது. தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி. காளிராஜ் கார்டைப் போட்டாலும் அதே மில். பார்க்க நாள் இல்லை. பால்பாண்டிக்கு முதலாளி நாள் சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு சிடியை மில் சத்தத்தோடேயே அடித்தோம்.

அவன் அடித்ததைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஒயரை ரெக்கார்டு அவுட்டில் சொருகாமல் ஸ்பீக்கருக்குப் போகிற மெயின் அவுட்டில் சொருகியிருந்தான். அறையில் சத்தத்தைக் கூட்டினால் பதிவிலும் கூடும். ஒரு வேகத்தில் மிக்சரில் சிவப்பு விளக்கு எரிய எரியத் தள்ளிவிட்டான். கேசட்டில் சிவப்பைக் கொஞ்சம் தொடலாம், டேப் அதைப் பொறுத்துக்கொள்ளும், கேட்கவும் கனமாக இருக்கும். கம்ப்யூட்டர் பொறுக்காது. சிவப்பைத் தொட்ட இடமெல்லாம் சரம் வெடிக்கிற மாதிரி படபடவென்று உடையும், பிறகு எதைச் செய்தாலும் ஒட்டாது. நான் சொல்லவில்லை. போட்டி என்றால் போட்டி.

அன்று காலை வேனில் நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காளிராஜ் படியில் தொங்கினான். முதலாளி சாப்பாட்டு வாளியோடு வேலைக்குப் போகிற ஆள் மாதிரி கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் நிறைந்துவிட்டார்கள். தனலட்சுமியும் அதே வேன்தான், அதே கம்பெனிதான். எது யார் சிடி என்று யாரிடமும் சொல்லக்கூடாது, பெண்டாட்டியானாலும் சொல்லக்கூடாது என்பது முதலாளி உத்தரவு.

முதலில் என்னுடையதைப் போட்டான் பால்பாண்டி. சுத்தமாக வந்தது. ஒரு பாட்டிலிருந்து ஒரு பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. எனக்கே பெருமையாக இருந்தது. பின்னால் காதைக் கொடுத்தேன். வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். மெல்லிய பாட்டு வந்த இடத்தில் சண்முகத்தாய் என்கிற அம்மாள், அந்த வேனில் வாய் அவளுக்குத்தான், "ஏம்ப்பா பால்பாண்டி, வண்டிக்குள்ள வண்டு எதும் வந்துருச்சா? ங்கொய்னு ஒரு சத்தம்" என்றாள்.

"வண்டு இல்லக்கா, பாட்டு."

"பாட்டா? நான் நீ பெட்ரோல் போட மறந்துட்டியோன்னுல்ல நெனச்சேன்."

வேன் முழுக்கச் சிரிப்பு. என் பெண்டாட்டியும் சிரித்தாள்.

பாதி வழியில் காளிராஜ் சிடி. அதே மில் சத்தம், அதற்கு மேல் படபடவென்று வெடி. இடது பக்கம் ஒரு தரம் செத்துப் பிழைத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், இப்போது சண்முகத்தாய் ஏதாவது சொல்வாள் என்று. சொல்லவில்லை. பேச்சு நின்றுவிட்டது. ஒருத்தி தூக்குவாளி மூடியில் தாளம் போட்டாள். பிறகு இன்னொரு வாளி. சாமிப் பாட்டிலிருந்து குத்துப் பாட்டுக்கு அவன் தாண்டிய இடத்தில் வேனே ஒரு கத்துக் கத்தியது. கண்ணாடியில் பார்த்தேன். தனலட்சுமி எல்லோருக்கும் மேலே கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அப்படித் தட்டி நான் பார்த்ததில்லை.

கம்பெனி கேட் வந்தது. யாரும் இறங்கவில்லை. "வெடிச்சு வெடிச்சு வருதே, அது பரவால்லயா?" என்று பால்பாண்டி கேட்டதற்கு, "நாங்க பாக்காத வெடியா? ஓடவிடுய்யா" என்றாள் சண்முகத்தாய். வாட்ச்மேன் வந்து விசில் அடித்த பிறகுதான் இறங்கினார்கள்.

அதே வேனில் திரும்பினோம். முதலாளி கடைக்கு வந்து தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். பானைப் பக்கம் போகிறாரா என்று பார்த்தேன். போகத் தொடங்கி, பாதியில் நின்று திரும்பினார்.

"பெட்டி சுந்தரம் பெட்டி. அந்த நீல வெளக்கக் கழட்டித் திருப்பிக் குடுத்துருங்க. கை காளிராஜ் கை. அவன் கலக்கட்டும், நீ கம்ப்யூட்டர்ல உக்காந்து புடி. ரெண்டு பேரும் மேல இருங்க. பாக்ஸ் தூக்க வேற ஆளு பாத்துக்கறேன்."

நாற்காலி கிடைத்துவிட்டது. முழங்கால் பிழைத்தது. மலையில் வேண்டியது நடந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் என் வேலை என்ன ஆனது என்று பாருங்கள். காலை முதல் சாயங்காலம் வரை அவன் கலக்குகிறதை நான் ஹெட்போனில் கேட்கவேண்டும். அவன் பாட்டில் ஒரு புள்ளி அழுக்கு விழாமல் நான் காவல் காக்கவேண்டும். அவன் மேல் பொறாமைப்படுகிறவனை அவனுக்கே காவலாக வைத்தார் பெருமாள்.

வீட்டில் தனலட்சுமி சோறு போட்டுக்கொண்டே, "நீங்க போட்டதும் நல்லாத்தாங்க இருந்துச்சு. டாக்டர் ரூம்புக்கு வெளிய உக்காந்து கேக்கற மாதிரி அம்சமா இருந்துச்சு" என்றாள். ஆறுதல்தான் சொன்னாள்.

மில் சத்தம் மட்டும் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவன் நான், ஆகவே அது என் தலைவலி. கம்ப்யூட்டர் விற்றவன் வந்து பார்த்தான், பெட்டிதான் கோளாறு என்றான். காளிராஜ், "இருக்கட்டும் மச்சான், பாட்டு சத்தத்துல அது மறைஞ்சுரும்" என்றான். அவனுக்கு மறைந்துவிடும். அவன் பேர் கெடாது. "சுந்தரம் பெட்டி இரையுது" என்று என் பேர்தான் கெடும்.

ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மின்விசிறியை நிறுத்தினேன், இரைந்தது. செல்போன்களைக் கீழே கடையில் வைத்தேன், இரைந்தது. மிக்சரிலிருந்து வருகிற ஒயரைப் பிடுங்கினேன், நின்றது. சரி, மிக்சர்தான் என்று பார்த்தால், மிக்சரை ஹெட்போனில் தனியாகக் கேட்டால் சுத்தமாக இருக்கிறது. கடைசியில் ஒரு காரியம் செய்தேன். ஒயர் முனையில் நடுவில் இருக்கிற ஊசியில்தான் பாட்டு போகிறது. அந்த ஊசியை எதிலும் தொடவிடாமல், சுற்றி இருக்கிற உலோக வளையத்தை மட்டும் மிக்சரின் உடம்பில் தொட்டேன். "ம்ம்ம்ம்." எடுத்தேன், நின்றது. தொட்டேன், "ம்ம்ம்ம்."

பாட்டு போகிற வழியே இல்லாதபோது இரைச்சல் மட்டும் வருகிறது. அப்படியென்றால் அது உடம்புக்கும் உடம்புக்கும் நடுவில் ஓடுகிறது. மிக்சர் உடம்பு ஒரு குழியில் இறங்குகிறது, கம்ப்யூட்டர் உடம்பு வேறு குழியில் இறங்குகிறது. மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. இரண்டு குழிக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் என் ஒயர் வழியாக நடந்துபோகிறது. முதலாளியின் எர்த்துதான் பாடிக்கொண்டிருந்தது.

இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? எர்த்தில் கை வைக்கிறேன் என்று அந்த மனிதரிடம் யார் சொல்வார்கள்? படியில் இறங்கும்போதே சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினேன். காளிராஜும் பின்னாலேயே வந்தான்.

"முதலாளி, அந்த இரைச்சல் எர்த்துலருந்து வருது."

அவர் நிமிர்ந்தார். "எர்த்த எடுக்கணும்ங்கிறியா?"

"இல்ல முதலாளி…"

"எடுத்தா உன் கையை எடுத்துருவேன்லே. பாட்டு இரைஞ்சா இரைஞ்சுட்டுப் போவுது."

"எடுக்கச் சொல்லல முதலாளி. சேக்கச் சொல்றேன். மூணு குழியையும் மண்ணுக்குள்ளயே தடிச்ச செப்புப் பட்டை வச்சு ஒண்ணாக் கட்டிருவோம். மேல ஒரே பட்டை கொண்டுவருவோம். மிக்சரு, ஆம்ப்ளிபையரு, கம்ப்யூட்டரு எல்லாம் அந்த ஒரே எடத்துல போயித் தொடட்டும்."

அவர் ஒட்டிப்போன விரலை இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "ஒண்ணும் கொறையாதுல்ல?"

"கொறையாது. மூணும் சேந்து ஒண்ணா நிக்கும்."

"கம்பெனில ஒவ்வொரு செட்டும் தள்ளித் தள்ளி இருக்கும். அதுக்கு அதுக்குத் தனித்தனியாத்தான் போட்டோம்" என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. பிறகு, "இங்கன எல்லாம் ஒரே ரூம்புலல்ல இருக்கு" என்றார். கடைசியில், "சேத்துரு" என்றார்.

முறையாக வேலை தெரிந்த எலக்ட்ரீசியனை வைத்து அவர் முன்னாலேயே செய்தோம். காளிராஜும் மண்வெட்டி பிடித்தான். முடிந்ததும் மேலே போய்ப் பாட்டே இல்லாமல் பதிந்து, சத்தத்தை முழுசாக வைத்தேன். முதலாளி டீக்கடை பெஞ்சிலிருந்து கையைத் தூக்கினார். போட்டேன். ரோட்டில் சைக்கிள் மணி கேட்டது. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் கேட்டது. முன்பு டீக்கடை வரை எட்டுகிற மாதிரி இரைந்த ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. அவர் திரும்பி வந்தார். தண்ணீர் குடிக்கவில்லை. "சாத்தூர் வேனுக்கு ஒரு சிடி கேட்டாக" என்றார்.

அந்த நிமிஷம் எனக்குப் பொறாமை இல்லை. மெய்யாகச் சொல்கிறேன். என் வாழ்க்கையிலேயே நான் செய்த நல்ல வேலை அது.

காளிராஜ் ஹெட்போனை வாங்கி மாட்டினான். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

"மச்சான், ஒண்ணுமே கேக்கல."

"அதுதாம்ல வேணும்."

"அம்புட்டு அமைதியா இருக்கு மச்சான். இதுக்குள்ள குதிக்கலாம் போல இருக்கு."

என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. மறுநாள் புரிந்தது. பால்பாண்டி வேனுக்குப் புது சிடி பதிந்துகொண்டிருந்தோம். நான் திரையில் ஓடுகிற கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஏறிக்கொண்டே போகிறது, இதோ உறுமி விழப்போகிறது என்கிற இடத்தில் கோடு பட்டென்று படுத்துவிட்டது. ஒன்றுமில்லை. ஒயர் கழன்றுவிட்டது என்று பதறி எட்டினேன். காளிராஜ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு உறுமி விழுந்தது பாருங்கள், என் முதுகுத்தண்டில் விழுந்தது.

மிக்சரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு தள்ளு பட்டையையும் அவன்தான் கீழே இறக்கியிருந்தான். முன்பு அப்படி இறக்கினால் அந்த இடத்தில் மில் ஓடும், அசிங்கமாக இருக்கும். இப்போது அங்கே ஒன்றுமில்லை. மதுரை வரை போய் நான் தேடி வாங்கிய ஒன்றுமில்லாததை, மண்ணைத் தோண்டி நான் கொண்டுவந்த ஒன்றுமில்லாததை, அவன் எடுத்து உறுமிக்கு முன்னால் வைத்துவிட்டான்.

"எப்டி மச்சான்?" என்றான், பல்லைக் காட்டிக்கொண்டு. எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான்.

நிற்காத பாட்டு கேட்டு வந்தவன் பால்பாண்டி. அந்த வேனில் பாட்டு நின்ற இடம்தான் பேர் வாங்கியது. முதல் நாள் பெண்கள் திகைத்துப் போனார்களாம். இரண்டாம் நாள் அந்த இடத்துக்குக் காத்திருந்தார்களாம். தனலட்சுமி அதற்குள் எல்லோரிடமும், "எந்தம்பிதான் கலக்குனது" என்று சொல்லிவிட்டாள். மூன்றாவது நாள் பாட்டு நின்றதும், உறுமி விழுமுன், சண்முகத்தாய் தொண்டை கிழிய "காளிராஜே!" என்று கத்தியிருக்கிறாள். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அந்த வேனிலிருந்து அடுத்த வேன், அடுத்த கம்பெனி. பாட்டு நின்றால் எல்லோரும் சேர்ந்து அவன் பேரைக் கத்தவேண்டும். என் பெண்டாட்டியும்தான் கத்தினாள். வீட்டுக்கு வந்து தொண்டை கட்டிவிட்டது என்று என்னிடமே சுக்குத் தட்டித் தரச் சொன்னாள்.

முதலாளி காலமாகிவிட்டார். காளிராஜ் கோயம்புத்தூர் பக்கம் போய்ச் சொந்தமாக நடத்துகிறான், நன்றாக இருக்கிறான். தீபாவளிக்கு வந்தால் என் காலில் விழுந்துதான் எழுந்திருப்பான். "மச்சான் இல்லன்னா நான் இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொல்வான். அவன் மனதாரத்தான் சொல்கிறான். கேட்டவர்கள், என்ன தங்கமான பிள்ளை என்று மறுபடியும் அவனைத்தான் பாராட்டுவார்கள்.

இனி நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். மிக்சரில் ரெக்கார்டு அவுட்டிலிருந்து எடுங்கள், மெயினிலிருந்து எடுக்காதீர்கள். கம்ப்யூட்டரில் மைக் ஓட்டையில் சொருகாதீர்கள், லைன் வாங்குகிற ஓட்டை வேண்டும், இல்லையென்றால் வெளியே தொங்குகிற பெட்டி வாங்குங்கள். உங்களிடம் இருப்பதிலேயே சத்தமான பாட்டை முதலில் ஓட்டி, சிவப்புக்குக் கீழே அளவை நிறுத்திவிட்டு அப்புறம் பதியுங்கள். எர்த் கட்டாயம் வேண்டும், எல்லாம் ஒரே இடத்தில் சேரவேண்டும், அதைத் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். எந்தக் கம்பெனிப் பெட்டி என்று நான் சொல்லமாட்டேன். கடையில் ஒன்றுமில்லாததைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். விளக்கைப் பார்த்து வாங்காதீர்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு வேன் போகிற ரோட்டில் இருக்கிறது. இப்போது ஓட்டுகிற டிரைவர் புது ஆள், பென் டிரைவில் பாட்டு. ஆனால் அந்தப் பழைய மிக்ஸ் கைமாறிக் கைமாறி இன்னும் ஓடுகிறது. அதில் வருகிற பெண்களில் பாதிப் பேர் காளிராஜைப் பார்த்ததுகூட இல்லை. போன மாதம் என் மருமகள் வாசலில் நின்று கேட்டாள். வேறு ஊரிலிருந்து வந்த பெண்.

"மாமா, வேன்ல தெனம் ஒரு பேரச் சொல்லிக் கத்துதாகளே, அது எந்த ஊருச் சாமி?"

சாமி இல்லம்மா, உன் மாமியாரின் தம்பி என்றேன். உள்ளேயிருந்து தனலட்சுமி சிரிக்கிற சத்தம் கேட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சாயங்கால வேன் வந்துவிட்டது. தெருமுனையில் வேகத்தடை, அங்கே மெதுவாகத்தான் வரும். பாட்டு ஏறிக்கொண்டே வந்தது. நான் பேனாவை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். பாட்டு நின்றது. ஒரு மூச்சு நேரம், ஸ்பீக்கரில் துளி இரைச்சல் கிடையாது. அது நான்.

பிறகு அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள்.